வெப்ப இரத்தம் – ஒரு சொல்லின் வரலாறு

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகே கீழக்குயில்குடி என்னும் ஊர் உள்ளது. அவ்வூரை ஒட்டி நிற்பதே சமணர் மலை. சித்திரை மாதத்து முற்பகல் நேரத்தில் இம்மலைப் பாறையின்மீது ஓர் ஓணான் அசையாது படுத்திருப்பதைக் காணலாம். அதன் உடலின் வெப்பநிலையை அந்நேரத்தில் அளந்தால் அது 36 அல்லது 37 டிகிரி செல்சியஸ் இருக்கக்கூடும். அதனை நின்று பார்க்கும் மனிதனுடைய வெப்பநிலையும் 37 டிகிரிதான்.

ஆயினும் பள்ளிப் பாடத்தில் நாம் என்ன படித்தோம்? ஓணான் குளிர் இரத்தப் பிராணி; மனிதன் வெப்ப இரத்தப் பிராணி. இருவர் இரத்தமும் ஒரே சூட்டில் இருக்கும்போது ஒன்றைக் குளிர் என்றும் மற்றொன்றை வெப்பம் என்றும் சொல்வது எவ்வாறு பொருந்தும்?

இச்சொற்கள் பிறந்தது ஐரோப்பாவில். அங்கு குளிர்காலத்தில் ஒரு தவளையையோ பாம்பையோ தொட்டுப் பார்த்தவனுக்கு அது சில்லென்று இருந்தது. ஆகவே 'குளிர் இரத்தம்' என்றான். வைகைக் கரையில் வாழ்ந்தவன் இப்பெயரை வைத்திருப்பானா என்பது ஐயமே. இப்பெயர் எவ்வாறு தோன்றியது, எங்கெங்கு இடறியது, இன்று அதன் இடத்தில் என்ன வந்திருக்கிறது என்பதைச் சிறிது வரலாற்றோடு காண்போம். நம் நாட்டுக்கும் அண்டையிலுள்ள இலங்கைக்கும் மதுரைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு.

உள்ளே எரியும் நெருப்பு

உடலுக்குள் ஒரு நெருப்பு இருக்கிறது என்னும் எண்ணம் மிகப் பழையது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதயமே உடல் வெப்பத்தின் உறைவிடம் என்று கருதினார். மூச்சுக்காற்று அந்த வெப்பத்தைத் தணிப்பதற்காகவே உள்ளே செல்கிறது என்பது அவர் கொள்கை. நம் சித்த மருத்துவமும் வளி, அழல், ஐயம் என்னும் மூன்றனுள் அழலை வெப்பத்தோடு தொடர்புபடுத்தியது. பசியை 'வயிற்றுத் தீ' என்று நாம் இன்றும் சொல்கிறோம். ஆனால் இத்தீ எதைத் தின்று எரிகிறது, எவ்வளவு எரிகிறது என்று எவரும் அளந்து பார்த்ததில்லை.

முதலில் அளந்து காட்டியவர் பிரெஞ்சு வேதியியலறிஞர் லவாசியே. 1782–83 குளிர்காலத்தில் அவரும் கணித அறிஞர் லாப்லாசும் சேர்ந்து ஒரு கருவியை அமைத்தனர். பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கூண்டுக்குள் சீமைப்பெருச்சாளி ஒன்றை வைத்தனர். அதன் உடல் வெப்பத்தால் பத்து மணி நேரத்தில் 13 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 400 கிராம், பனிக்கட்டி உருகியது. அதே நேரத்தில் அது வெளிவிட்ட கரியமில வாயுவையும் அளந்தனர். அவ்வளவு கரியமில வாயு உண்டாகும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகும் என்றும் கணக்கிட்டனர். இரு எண்களும் முற்றும் ஒத்துவரவில்லை. ஆயினும் நெருங்கி நின்றன. உணவிலுள்ள கரி மட்டுமன்றி ஹைட்ரஜனும் எரிகிறது என்பதைச் சேர்த்துக்கொண்டால் வேறுபாட்டுக்குக் காரணம் விளங்கும்.

'சுவாசம் என்பது மெதுவாக நிகழும் எரிதலே' என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். எரிதல் நுரையீரலில் நடக்கிறது என்று லவாசியே எண்ணினார். கணித மேதை லக்ராஞ்சு ஒரு தடையை எழுப்பினார்: உடலின் வெப்பமெல்லாம் நுரையீரலிலேயே பிறந்தால் அவ்வுறுப்பு வெந்துவிடாதா? எரிதல் உடல் முழுவதும் பரவி நடக்கிறது என்பது அடுத்த நூற்றாண்டில் உறுதியாயிற்று. இன்று அதன் இடத்தை இன்னும் நுட்பமாக அறிவோம். செல்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளே அந்த அடுப்புகள்.

ஓணானின் செல்களிலும் இவ்வடுப்புகள் உண்டு. ஆகவே உள்ளே நெருப்பு இருப்பது மட்டும் 'வெப்ப இரத்தம்' ஆகிவிடாது என்பதை இப்போதே மனத்தில் கொள்ள வேண்டும்.

கொதிக்கும் அறைக்குள் நின்றவர்கள்

வெப்பத்தை உண்டாக்குவது ஒரு பாதி. மிகுதியைக் கழிப்பது மறுபாதி. நம்மைப் போன்ற வெப்ப நாட்டினருக்கு இப்பாதியே முதன்மையானது.

1774-இல் லண்டனில் மருத்துவர் சார்லஸ் பிளாக்டன், தம் நண்பர்கள் சிலரோடு சூடேற்றிய ஓர் அறைக்குள் சென்று நின்றார். தாவரவியலறிஞர் ஜோசப் பாங்க்ஸ் அக்குழுவில் ஒருவர். படிப்படியாக அறையின் வெப்பம் 260 டிகிரி பாரன்ஹீட் வரை, அதாவது 127 டிகிரி செல்சியஸ் அளவுக்கு, உயர்த்தப்பட்டது. அதே அறையில் வைத்த முட்டைகள் வெந்து கெட்டியாயின. இறைச்சித் துண்டு சமைந்தது. மனிதர்களோ, கூடையில் வைத்து உள்ளே கொண்டு சென்ற நாயோ சமைந்துவிடவில்லை. அவர்களுடைய உடல் வெப்பம் வழக்கமான அளவை ஒட்டியே இருந்தது.

இதன் காரணத்தை விளக்க பிளாக்டன் மற்றொரு சோதனையும் செய்தார். இரு பாத்திரங்களில் நீர் வைத்தார். ஒன்றின்மேல் எண்ணெய் ஊற்றினார். மற்றொன்றைத் திறந்தபடி விட்டார். எண்ணெய் மூடிய நீர் கொதித்தது. திறந்திருந்த நீர் கொதிக்கவேயில்லை. நீர் ஆவியாகும்போது வெப்பத்தைத் தன்னோடு கொண்டு செல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நம் வீட்டு மண்பானையும் இதே பாடத்தைத்தான் கற்பிக்கிறது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கிறது. நம் உடலில் வியர்வை இப்பணியைச் செய்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின்மீதே ஆவியானால் அது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். அமைதியாகப் படுத்திருக்கும் ஒரு மனிதனின் உடல் ஒரு நாளில் உண்டாக்கும் வெப்பத்தில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

அக்கினி நட்சத்திர நாள்களில் மதுரையில் வெப்பம் 40 டிகிரியை எட்டும்போது காற்று நம் தோலைவிடச் சூடாகிவிடுகிறது. அப்போது வெப்பம் வெளியிலிருந்து உள்ளே பாய்கிறது. விசிறியும் சூடான காற்றையே வீசுகிறது. வியர்வை ஒன்றே நம்மைக் காக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்துவிட்டால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுமே தவிர உடலைக் குளிர்விக்காது.

ஒவ்வொரு பிராணியும் இச்சிக்கலைத் தன் வழியில் தீர்த்துக்கொள்கிறது. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. காகம் அலகைத் திறந்து தொண்டையை அசைக்கிறது. எருமைக்குக் கருந்தோல், வியர்வைச் சுரப்பிகளோ குறைவு. ஆகவே அது கண்மாய் நீரை நாடுகிறது. நாரை இனங்களுள் சில தம் கால்களின்மீதே நீர்த்த எச்சமிட்டு, அது ஆவியாவதால் குளிர்ச்சி பெறுகின்றன. அருவருப்பாகத் தோன்றினாலும் இதுவும் மண்பானைத் தத்துவமே.

இலங்கையில் ஒரு வெப்பமானி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலங்கியல் நூல்கள் ஒரு கோட்டைக் கிழித்து வைத்திருந்தன. கோட்டுக்கு இப்பால் பறவைகளும் பாலூட்டிகளும். அப்பால் மீன், தவளை, பாம்பு, பல்லி. இக்கோட்டை முதலில் அசைத்த சான்றுகள் வெப்ப நாடுகளிலிருந்தும் வெப்பக் கடல்களிலிருந்தும் வந்தன.

ஜான் டேவி என்பவர், சுரங்கப் பாதுகாப்பு விளக்கைக் கண்ட சர் ஹம்ப்ரி டேவியின் தம்பி. படை மருத்துவராக 1816 முதல் 1820 வரை இலங்கையில் பணியாற்றினார். கையில் வெப்பமானியை வைத்துக்கொண்டு கண்ட உயிர்களையெல்லாம் அளப்பது அவர் வழக்கம். கப்பலில் வந்த மனிதர்களையும் அளந்தார். குளிர் நாட்டிலிருந்து வெப்ப நாட்டுக்கு வரும்போது மனித உடலின் வெப்பமும் சற்றே உயர்கிறது என்று குறித்தார்.

அவருடைய அளவீடுகளுள் வியப்பூட்டியது சூரை மீன் பற்றியது. மீன்களின் உடல் சூழ்ந்த நீரின் வெப்பத்தையே கொண்டிருக்கும் என்பது பொது விதி. ஆனால் சூரை மீனின் தசையோ கடல்நீரைவிடப் பல டிகிரி சூடாக இருந்தது. 1835-இல் இதனை லண்டன் ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். தூத்துக்குடிக் கரையில் சூரையை அறுப்பவர்கள் அதன் இறைச்சி மற்ற மீன்களைப்போல் வெண்மையாக இல்லாமல் செந்நிறமாக இருப்பதை அறிவார்கள். ஓயாது நீந்தும் அச்செந்தசையே வெப்பத்தின் பிறப்பிடம்.

ஆனால் செவுள்களில் நீரோடு உறவாடும் இரத்தம் குளிர்ந்துவிட வேண்டுமே! சூரை அதை எவ்வாறு தடுக்கிறது? 1966-இல் அமெரிக்க ஆய்வாளர்களான கேரி, டீல் ஆகியோர் இதனை விளக்கினர். செவுளிலிருந்து வரும் குளிர்ந்த இரத்தக் குழாய்களும் தசையிலிருந்து திரும்பும் சூடான இரத்தக் குழாய்களும் வலைபோல் பின்னி, எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. திரும்பும் இரத்தம் தன் சூட்டை வரும் இரத்தத்துக்குக் கொடுத்துவிட்டுச் செல்கிறது. வெப்பம் வெளியேறாமல் தசைக்குள்ளேயே சுழல்கிறது. ஆகவே மீன்களுள்ளும் தம் சூட்டைத் தாமே காப்பவை உண்டு என்பது உறுதியாயிற்று.

அடைகாத்த மலைப்பாம்பு

இரண்டாவது அதிர்ச்சி இந்தியாவிலிருந்து சென்றது. லமார்-பிகோ என்னும் பிரெஞ்சுப் பயணி, இந்தியாவின் மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, கோழியைப்போலத் தன் உடற்சூட்டால் அடைகாக்கிறது என்று 1832-இல் பாரிஸ் அறிவியல் கழகத்துக்குத் தெரிவித்தார். கழகம் அதனை ஏற்கவில்லை. குளிர் இரத்தப் பிராணி எவ்வாறு முட்டைக்குச் சூடு தரும்? சொல்லே சான்றை மறுத்துவிட்டது!

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1841 மே, ஜூன் மாதங்களில், பாரிஸ் அருங்காட்சியகத்தின் விலங்குக் கூடத்திலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாத்தது. வலான்சியென் என்னும் விலங்கியலறிஞர் அதன் சுருள்களுக்கிடையே வெப்பமானியை வைத்து அளந்தார். பாம்பின் உடல் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருந்தது. பயணி சொன்னது பொய்யில்லை.

ஐயம் முழுவதும் நீங்க மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1966-இல் நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் ஹச்சிசன், டௌலிங், வினிகர் என்னும் மூவர் அடைகாக்கும் மலைப்பாம்பு ஒன்றின் ஆக்சிஜன் நுகர்வை அளந்தனர். அறையின் வெப்பம் குறையக் குறைய, பாம்பின் தசைகள் அடிக்கடி சுருங்கின. நுகரும் ஆக்சிஜனும் பெருகியது. குளிரில் நாம் நடுங்குகிறோம் அல்லவா? தாய்ப்பாம்பும் அதுபோன்றே தசைகளை இயக்கி வெப்பத்தை வரவழைத்தது. அடைகாக்கும் காலம் முடிந்ததும் அது மீண்டும் மற்றப் பாம்புகளைப்போல் ஆகிவிட்டது.

ஆக, 'வெப்ப இரத்தம்' என்பது சில விலங்குகளின் பிறவிக் குணம் என்பதைவிட, ஒரு செயல் என்று கொள்வதே பொருத்தம். வேண்டும்போது செய்வதும் வேண்டாதபோது விடுவதும் இயலும். தாவரங்களிலும் இச்செயல் உண்டு. தாமரை மலர்ந்திருக்கும் நாள்களில் பூவின் உட்பகுதி 30 முதல் 36 டிகிரி வரையுள்ள வெப்பத்தைத் தானே காத்துக்கொள்கிறது என்பதை 1996-இல் ஆஸ்திரேலியாவில் அளந்து காட்டினர்.

சொல் மாறியது, கணக்கு வந்தது

அமெரிக்கப் பாலைவனப் பல்லிகளை ஆராய்ந்த ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் ஆகிய இருவரும் 1944-இல் ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டனர். பல்லிகள் கண்டபடி சூடாவதும் குளிர்வதும் இல்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறிச் சென்று, தமக்குரிய ஒரு குறுகிய எல்லைக்குள் உடல் வெப்பத்தை நிறுத்திக்கொள்கின்றன. நிழலுக்குச் செல்லவிடாமல் தடுத்தால் சிறிது நேரத்திலேயே மாண்டுவிடுகின்றன. குளிர் இரத்தம் என்ற பெயர் இவற்றுக்குச் சிறிதும் பொருந்தாது என்று கௌல்ஸ் வாதிட்டார். வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைக்கொண்டு விலங்குகளைப் பிரிக்க வேண்டும் என்றார். உள்ளிருந்து பெறுபவை அகவெப்ப உயிர்கள். வெளியிலிருந்து பெறுபவை புறவெப்ப உயிர்கள். இப்பெயர்களே இன்று அறிவியலில் வழங்குகின்றன.

மாணவர்கள் இதனைத் தம் வீட்டு வேலியிலேயே காணலாம். காலையில் ஓணான் உடலைத் தட்டையாக்கி வெயிலுக்குப் பக்கவாட்டில் திரும்பி அமரும். வெயில் ஏற ஏற இடத்தை மாற்றும். நண்பகலில் நிழலுக்குள் சென்றுவிடும். ஓணானைக் கல்லால் அடிக்கும் பழக்கத்தை விட்டு ஒரு நாள் முழுதும் அதனைக் குறிப்பெடுத்துப் பார்த்தால், அது வெயிலை எவ்வளவு கவனமாகச் செலவிடுகிறது என்பது விளங்கும்.

ஓணான் இலவசமாகப் பெறும் வெப்பத்துக்கு நாம் விலை கொடுக்கிறோம். அவ்விலை எவ்வளவு? 1981-இல் ஆஸ்திரேலியாவில் எல்ஸ், ஹல்பர்ட் ஆகியோர் ஏறத்தாழ ஒரே எடையுள்ள சுண்டெலியையும் பல்லியையும் ஒரே 37 டிகிரி வெப்பத்தில் வைத்து ஒப்பிட்டனர். அமைதியாக இருக்கும்போதே சுண்டெலி பல்லியைவிடப் பன்மடங்கு ஆக்சிஜனை நுகர்ந்தது. அதன் கல்லீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பெரியவை. அவற்றில் மைட்டோகாண்ட்ரியாச் சவ்வின் பரப்பும் மிகுதி. மேலும் பாலூட்டிகளின் செல்சவ்வுகள் சற்றே கசிபவை. உப்பு அயனிகள் ஓயாது உட்புகுகின்றன. செல் அவற்றை ஓயாது வெளியேற்றுகிறது. ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போன்ற இவ்வேலையால் ஆற்றல் செலவாகி வெப்பமாகிறது. வீண் வேலை எனத் தோன்றும் இதுவே நம் அடுப்பு அணையாமலிருப்பதற்கு ஒரு காரணம்.

இவற்றோடு, குளிர் மிகுந்தால் நடுக்கமும், பிறந்த குழந்தைகளிடம் மிகுந்துள்ள பழுப்புக் கொழுப்பும் உதவுகின்றன. நடுங்காமலேயே தசைகள் வெப்பம் தரும் வழியும் உண்டு. தசையில் உள்ள சார்கோலிப்பின் என்னும் சிறு புரதம் அதற்குக் காரணம் என்று 2012-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முத்து பெரியசாமியின் ஆய்வுக்குழு கண்டறிந்தது.

உயிர்களின் இந்த வரவு செலவுக் கணக்கை ஆராய்ந்தவர்களுள் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. ஜே. பாண்டியன் குறிப்பிடத்தக்கவர். நம் குளங்களில் வாழும் விரால் மீன் அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். நீரின் ஆழம் கூடினால் மேலே வந்து போகும் செலவும் கூடுகிறது. வளர்ச்சிக்கு மிஞ்சுவது குறைகிறது என்று 1970-களில் அவரும் விவேகானந்தனும் காட்டினர். மேலே சென்றுவரும் செலவே ஒரு மீனின் கணக்கைப் பாதிக்கும் என்றால், இரவும் பகலும் உடலைச் சூடாக வைத்திருக்கும் செலவை எண்ணிப் பாருங்கள். செரித்த உணவில் மீன்கள் நூற்றில் பத்துப் பங்கு அளவை உடலாக மாற்றுகின்றன. சிறு பாலூட்டிகளும் பறவைகளும் ஒன்று, இரண்டு பங்கையே மாற்றுகின்றன. மீதியெல்லாம் அடுப்புக்கே இரையாகிறது. இரை விழுங்கிய மலைப்பாம்பு பல வாரங்கள் பட்டினி கிடக்கும். அதற்கு இரையாகும் எலியோ அன்றாடம் உண்டாக வேண்டும்.

சமணர் மலைக் குகையில்

விலை இவ்வளவு மிகுதி என்றால் சிக்கனமும் இருந்தாக வேண்டும் அல்லவா? அகவெப்ப உயிர்களும் எப்போதும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. இங்கே மீண்டும் சமணர் மலைக்கு வருவோம்.

இம்மலைக் குகைகளில் வௌவால்கள் வாழ்கின்றன. மதுரைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் தலைமையில், மாரிமுத்து முதலியோர் இவ்வௌவால்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்தனர். பகலென்றும் இரவென்றும் தெரியாத இருட்குகையில் தனியே அடைக்கப்பட்ட வௌவால், சூரியனை விட்டுத் தன் சொந்தக் கணக்கில் நாளை ஓட்டியது. ஆனால் தன் இனத்தார் தடையின்றிப் போய்வரும் குகையில் அடைக்கப்பட்ட வௌவாலோ, ஒளியைக் காணாமலே அவர்களோடு காலத்தைச் சேர்த்துக்கொண்டது. இவ்வாய்வு 1981-இல் வெளியாயிற்று.

வெப்ப இரத்தத்துக்கும் கடிகாரத்துக்கும் என்ன உறவு? நம் உடல் வெப்பமும் அக்கடிகாரத்தின்படியே ஏறி இறங்குகிறது. விடியலுக்குச் சற்று முன் அது மிகக் குறைவு, மாலையில் மிகுதி. இரண்டுக்கும் வேறுபாடு ஒரு டிகிரியை ஒட்டியது. ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் 1868-இல் 25,000 நோயாளிகளின் அளவீடுகளிலிருந்து வகுத்த 37 டிகிரி ஒரு சராசரியே. நிலையான எண் அன்று.

ஜெர்மனியில் ஆஷாப் என்பார் 1960-களில் மனிதர்களைச் சூரியனோ கடிகாரமோ தெரியாத நிலவறையில் தங்கவைத்து ஆராய்ந்தார். அவர்களுள் சிலருக்கு உறக்கம் ஒரு கணக்கிலும் உடல் வெப்பம் வேறொரு கணக்கிலும் பிரிந்து ஓடின. மதுரைப் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய தனிமைக்கூடம் ஒன்று அமைக்கப்பட்டது. தாமே முன்வந்தவர்கள் அங்குப் பல நாள்கள் தங்கினர். அதன் முடிவுகள் 1990-களில் வெளியாயின. ஆக, வெப்பத்தைக் காக்கும் மூளைப்பகுதி ஒரே எண்ணைப் பற்றிக்கொண்டு நிற்பதில்லை. வேளைக்கேற்ப அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது.

வேறு சில விலங்குகள் இச்சிக்கனத்தை இன்னும் தொலைவு கொண்டு செல்கின்றன. மதுரைப் பகுதியில் சுண்டெலி வால் வௌவால் என்னும் நீண்ட வாலுடைய இனம் உண்டு. இதன் நெருங்கிய உறவினங்கள் இஸ்ரேலில் 20 டிகிரி வெப்பமுள்ள குகைகளில் குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கழிப்பதை 2015-இல் கண்டனர். அப்போது அவற்றின் உடலும் குகையின் சூட்டுக்கே தணிந்துவிடுகிறது. திண்டுக்கல் பக்கத்துக் காடுகளில் வாழும் தேவாங்கின் மெத்தனம் நாம் அறிந்ததே. தேவாங்கு இனம் தன் எடைக்கு எதிர்பார்க்கும் அளவைவிட மிகக் குறைவாகவே ஆற்றலைச் செலவிடுகிறது. அது அடுப்பைச் சிறுதீயில் வைத்திருக்கும் பாலூட்டி. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022-இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது இவ்வுயிருக்கு ஒரு நல்ல காலம்.

எப்போது? எதற்காக?

இவ்வளவு விலை கொடுத்து இப்பண்பை வாங்கியது எதற்காக? அறிஞர்கள் ஒத்த கருத்துக் கொள்ளவில்லை.

பகலைப் பெரிய ஊர்வன ஆண்ட காலத்தில், நம் முன்னோராகிய சிறு பாலூட்டிகள் வெயிலற்ற இரவில் இரை தேடுவதற்காகச் சொந்த வெப்பத்தை நாடின என்றனர் கிராம்ப்டனும் அவர் நண்பர்களும் 1978-இல். நெடுநேரம் ஓடவும் போராடவும் தேவையான ஆக்சிஜன் ஆற்றலே முதலில் வளர்ந்தது. வெப்பம் அதன் உடன்விளைவு என்றனர் பென்னட், ரூபன் ஆகியோர் 1979-இல். குஞ்சுகளைக் காப்பதும் ஊட்டுவதுமே காரணம் என்று பார்மர், கோட்டேயா ஆகிய இருவரும் 2000-இல் தனித்தனியே வாதிட்டனர். நம் மலைப்பாம்பு இம்மூன்றாம் கருத்துக்குச் சாட்சி சொல்வது போலிருக்கிறது. தென்னமெரிக்கத் தேகுப் பல்லியும் இனப்பெருக்கக் காலத்தில் சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரி வரை சூடாகிறது என்று 2016-இல் கண்டுள்ளனர்.

எப்போது என்ற கேள்விக்குக் கல்லாகிய எலும்புகளே விடை தரவேண்டும். வங்காளத்தின் ராணிகஞ்ச் பகுதியில் கிடைக்கும் லிஸ்ட்ரோசாரஸ் போன்ற பாலூட்டி முன்னோடிகளின் எலும்புகளை மெல்லிய சீவல்களாக்கி, விரைவான வளர்ச்சியின் அடையாளங்களைத் தேடினர்; இந்தியாவில் சங்கமித்ரா ராய் இத்துறையில் உழைத்தவர். 2022-இல் வேறொரு வழி கிடைத்தது. நம் உட்செவியிலுள்ள அரைவட்டக் குழாய்களில் திரவம் நிறைந்துள்ளது. உடல் சூடானால் அத்திரவம் இளகும். அதற்கேற்பக் குழாயின் அளவும் மாறியாக வேண்டும். புதைபடிவ மண்டையோடுகளில் இக்குழாய்களை அளந்தபோது, ஏறத்தாழ 23.3 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலூட்டிகளின் முன்னோரிடம் இம்மாற்றம் விரைவாக நிகழ்ந்தது தெரியவந்தது.

பறவைகள் டைனசார்களின் வழித்தோன்றல்கள். அவை தனி வழியில் இதே இடத்தை அடைந்தன. நம் அரியலூர்ப் பகுதியில் கல்லமேடு என்னுமிடத்தில் மிகப் பெரிய டைனசாரின் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் 1980-களில் விவரித்தனர். இத்தகைய பேருடல் விலங்குகளின் பற்களை வெளிநாடுகளில் ஆராய்ந்தபோது, அவற்றின் உடல் 36 முதல் 38 டிகிரி இருந்ததாக 2011-இல் கணக்கிட்டனர். ஆனால் பெரிய அண்டா மெதுவாக ஆறுவதைப்போல், பேருடல் தன் பருமனாலேயே சூட்டைக் காத்திருக்கவும் கூடும். சூடாக இருந்ததா என்பதற்கும், அச்சூட்டைத் தானே உண்டாக்கியதா என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கும் நம் முன் நிற்கிறது.

விலையை மறவாதிருப்போம்

இவ்வரலாறு நமக்குச் சொல்வது இதுதான்: வெப்ப இரத்தம் என்பது இரத்தத்தின் சூட்டைப் பற்றியதன்று. அச்சூடு எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் விலை தருகிறார் என்பதைப் பற்றியது. ஓணான் சூரியனிடம் கடன் வாங்குகிறது. நாம் உணவால் விலை கொடுக்கிறோம். இதன் பயனாய் இரவிலும் மழையிலும் பனியிலும் இயங்க வல்லவர்களானோம்.

ஆனால் எரியும் அடுப்பை அணைக்க இயலாது என்பதும் நம் நிலைமை. சுற்றுப்புறம் சூடாகும்போது நம் உடலின் வெப்பம் வெளியேற வழி தேடித் தவிக்கிறது. 2002 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் வெப்பம் 42 டிகிரியைக் கடந்த ஒரே நாளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பழந்தின்னி வௌவால்கள் மரங்களிலிருந்து விழுந்து மாண்டன. தமிழ்நாட்டுப் புளியங்குளத்தில், முனி காக்கும் ஆலமரம் என்று ஊரார் போற்றிவரும் மரத்திலும் இவ்வின வௌவால்கள் தங்கியிருப்பதை மாரிமுத்து 1988-இல் எழுதினார். கல்லெறியிலிருந்து முனி காக்கலாம். வெப்ப அலையிலிருந்து மரநிழலும் நீரும்தான் காக்க வேண்டும்.

மனிதருக்கும் இது பொருந்தும். செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வயலிலும் உழைப்பவர்களுக்கு ஓய்வும் நிழலும் நீரும் தருவது இரக்கத்தால் மட்டும் செய்யும் செயலன்று; உடலியல் விதிக்கும் கட்டாயமே ஆகும். வியர்வையோடு போகும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் நீர்மோரை நம் முன்னோர் கோடையில் பந்தலிட்டு வழங்கினர்.

அடுத்த முறை சமணர் மலைப் பாறையில் ஓணானைக் காணும்போது அதனைக் குளிர் இரத்தம் என்று இகழ வேண்டாம். வெயில் ஏறியதும் நிழலுக்குச் செல்லத் தெரிந்த உயிர் அது.